காந்தம் கட்டிய கேட்: ஒரு துரப்பண விபத்தின் ஆய்வு

அந்தக் காந்தம் பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றியது. ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு கேபிள் டையால் சென்சாரின் முகத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். டையின் வால் நறுக்கப்பட்டிருந்தது. நறுக்கிய முனை மேல் கிரீஸும் செம்மண்ணும் படிந்து, அது துளை போடும் மெஷினான ரிக்கோடு ரிக்காகவே ஆகிப்போயிருந்தது. விபத்துக்கு மறுநாள் காலை அதைப் பார்த்தபோது, மெஷினோடு வந்த பாகம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம், 24 வயது ஹெல்பர் ஒருவனின் வலது கை, சுற்றிக்கொண்டிருந்த துளைக் குழாயான ராடில் சிக்கியது. முன்கை எலும்பு இரண்டும் முறிந்தன. இரண்டு விரல்கள் போயின. உயிர் தப்பினான். விசாரித்த மூவர் குழுவில் நானும் ஒருவன். ஒப்பந்த நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு வேலை பார்ப்பது என் தொழில். அவனும் அவன் அம்மாவும் எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரோ, தோட்டத்தின் பெயரோ, ஆட்களின் பெயரோ இதில் இருக்காது. நடந்ததை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

இடம்

மலேசியாவில் பகாங் மாநிலத்தின் உள்நாட்டில், ரவூப்புக்கும் கோலாலிப்பிஸுக்கும் நடுவில் உள்ள ஓர் எஸ்டேட் பட்டணம். ஒரு தெருக் கடைகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, அதைத் தாண்டினால் எண்ணெய் தரும் செம்பனை. முன்பு அத்தனையும் ரப்பர். எங்கள் ஆட்கள் மூன்று தலைமுறையாகப் பால்மரம் வெட்டியும் குலை அறுத்தும் பிழைத்த ஊர் இது.

அந்த மண்ணுக்கு அடியில் தங்கமும் இருக்கிறது என்பது புதுச் செய்தி அல்ல. ரவூப்பில் 1889இல் வில்லியம் பிபி என்பவர் தொடங்கிய ஆஸ்திரேலியக் கம்பெனி, புக்கிட் கோமானில் 1961 வரை சுரங்கம் நடத்தியது. சுரங்கத்துக்கு மின்சாரம் வேண்டும் என்று செம்பாம் ஆற்றில் அது கட்டிய நீர்மின் நிலையம்தான் மலாயாவில் முதலாவது. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் யாராவது ஒரு கம்பெனி வந்து, தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, செம்பனை வரிசைகளுக்கு நடுவில் துளை போட்டுப் பார்க்கும். துளை போடுவதற்கு ஆள் வேண்டும். தோட்டத்தில் மாதச் சம்பளத்துக்குக் குலை தூக்கும் பையனுக்கு ரிக் வேலை ஒரு படி மேல்தான்: கூடுதல் சம்பளம், மீட்டருக்கு போனஸ், ஹெல்மெட், கம்பெனி சட்டை.

மெஷின்

டிரில்லிங் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். இது கிணறு தோண்டுகிற வேலை இல்லை. பாறையை உடைக்காமல், உள்ளே என்ன இருக்கிறதோ அதை அப்படியே உருளையாக அறுத்து மேலே எடுப்பார்கள். அந்தப் பாறைத் தண்டுக்குக் கோர் என்று பெயர். வைரத் துகள் பதித்த வளைய முனை ஒன்று, அதற்கு மேல் 3 மீட்டர் நீளக் குழாய்கள் ஒன்றோடொன்று திருகி இறங்கும். அந்தக் குழாய்தான் ராட். நம் ரிக்கில் எச்கியூ என்ற அளவு ராட் ஓடிக்கொண்டிருந்தது. வெளி விட்டம் 88.9 மில்லிமீட்டர், உள்ளே வரும் கோர் 63.5 மில்லிமீட்டர். ஒரு ராடின் எடை 30 கிலோவுக்கு மேல்.

மேலே ஹைட்ராலிக் மோட்டார் பூட்டிய தலை. அதிலுள்ள சக் ராடை இறுக்கிப் பிடித்துச் சுற்றும். பாறைக்கு ஏற்ப நிமிடத்துக்குச் சில நூறு சுற்றிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். சுற்றுகிற ராடுக்கும் அதைச் சுற்றி நின்று வேலை செய்கிற மூன்று பேருக்கும் நடுவில் இருப்பது ஒரு வலைக்கூண்டு மட்டும்தான். சட்டம் அடித்து வலை கட்டிய, கீலில் திறக்கிற கேட். அதில் ஒரு சென்சார். கேட் மூடியிருந்தால்தான் ராட் சுற்றும், திறந்தால் நிற்க வேண்டும். தளத்தில் எல்லோரும் அதைக் கூண்டு என்றுதான் சொல்வார்கள்.

காந்தம் கட்டியிருந்தது அந்தச் சென்சாரில்தான். கேட் திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்று மெஷின் நம்பும்.

அந்தச் சாயங்காலம்

மழைக்காலத் தொடக்கம். துளை 137 மீட்டரில் நின்றது. நொறுங்கிய பாறை வந்ததிலிருந்து இரண்டு நாளாகத் தண்ணீர் திரும்பவில்லை. சாதாரணமாக ராடுக்குள் அடிக்கிற தண்ணீர் முனையைக் குளிர்வித்துவிட்டு, ராடுக்கும் துளைச் சுவருக்கும் இடையில் ஏறி மேலே வரும். வருகிற வழியில் ராடை வழுக்க வைக்கும். பாறை பிளந்து தண்ணீரைக் குடித்துவிட்டால் மேல்பகுதி ராட் உலர்ந்து சுவரில் உரசும், நடுங்கும். ரிக் முழுக்க ஆட்டம் காணும். காலுக்கடியில் பலகை தடதடக்கும்.

அதற்கு அந்தத் தளத்தில் ஒரு கைவைத்தியம் இருந்தது. கையுறையில் கிரீஸை அள்ளி, சுற்றுகிற ராடைச் சுற்றி உள்ளங்கையால் பிடித்துப் பூசுவது. ராட் கீழே இறங்க இறங்க கிரீஸும் இறங்கும், நடுக்கம் அடங்கும். பழைய டிரில்லர்கள் பலரும் கற்றுக்கொண்ட முறை இது. நமக்குத் தெரிந்த வேறு தளங்களிலும் நடக்கிறது.

மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. டிரில்லர் வேகத்தைக் குறைத்தார். "தம்பி, ரெண்டு கை கிரீஸ் போடு" என்றார். தம்பி கேட்டைத் திறந்தான். ராட் நிற்கவில்லை. நிற்கும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையைக் கொடுத்தான். முதல் தடவை சரியாகப் பூசினான். இரண்டாவது தடவை, கட்டைவிரலும் உள்ளங்கையும் சேரும் இடத்தில் இருந்த கையுறைத் தையல் ராடில் எதிலோ மாட்டியது.

இன்னொரு ஹெல்பர் கோர் பெட்டியில், ஆழத்தைக் குறிக்கும் மீட்டர் கட்டை எழுதிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுத் திரும்பினான். டிரில்லர் அந்த நேரம் தண்ணீர் பிரஷர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசர நிறுத்தப் பொத்தான் அவர் பலகையில் மட்டும்தான் இருந்தது. அடித்தார். ராட் நின்றபோது பையன் சட்டத்தில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தான்.

கையுறை மணிக்கட்டில் கிழிந்ததால்தான் தோளோடு போகவில்லை.

டிரில்லர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே வார்த்தை: "மெதுவாத்தான் விட்டேன் அண்ணே." பொய்யில்லை. மெஷினின் பதிவிலும் அப்படித்தான் இருந்தது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 சுற்று. அவரைப் பொறுத்தவரை அதுதான் பாதுகாப்பு. இந்த நம்பிக்கையைத்தான் நான் முதலில் உடைக்க விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல டிரில்லர்கள்தான் இதை நம்புகிறார்கள்.

கணக்குப் போடுங்கள். 88.9 மில்லிமீட்டர் ராடின் சுற்றளவு 28 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 120 என்றால் விநாடிக்கு இரண்டு சுற்று, அதாவது விநாடிக்கு 56 சென்டிமீட்டர் துணியை அது சுருட்டும். உங்கள் விரல் நுனியிலிருந்து முழங்கை தாண்டி அளந்து பாருங்கள், அவ்வளவுதான் இருக்கும். சாதாரணமாகத் துளைக்கும் 600 சுற்றில் அதுவே விநாடிக்கு 2.8 மீட்டர். ஒருவன் கத்தி, இன்னொருவன் திரும்பிப் பார்த்து, புரிந்து, கை நீட்டிப் பொத்தானை அடிக்க ஒரு விநாடிக்குக் குறையாது. மெதுவான ஓட்டத்திலும் அந்த ஒரு விநாடி போதும். அதோடு, வேகத்தைக் குறைக்க கியரை இறக்கும்போது ராடைச் சுற்றும் முறுக்குவிசை கூடுகிறது. 137 மீட்டர் இரும்பைச் சுற்றுகிற மோட்டாருக்கு ஒரு கை சிக்கியது தெரியவே தெரியாது.

ராடில் என்ன இருந்தது

நான் தளத்துக்குப் போனபோது ராடைத் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார்கள். இரத்தத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றார் மேஸ்திரி. புரிகிறது. ஆனாலும் கடுமையான விபத்து நடந்த இடத்தை அதிகாரிகள் பார்க்கும்வரை தொடக்கூடாது. கழுவிய பிறகும் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது, அது போகிற பொருளும் இல்லை.

சக்குக்குக் கீழே ஒரு முழம் தள்ளி, ராடின் உடம்பில் வரிசையாகப் பல் பதிந்த தடம். பைப் ரெஞ்ச் கடித்த இடம். இறுகிப்போன இணைப்பைக் கழற்றும்போது கிளாம்ப் சரியாகப் பிடிக்காவிட்டால் பெரிய பைப் ரெஞ்ச்சைப் போட்டு இழுப்பார்கள். ஒவ்வொரு கடியும் இரும்பைக் கொஞ்சம் பிளந்து, மீன் செதிள் மாதிரி ஒரு முள்ளைக் கிளப்பி விடும். நான் நகத்தால் தடவிப் பார்த்தேன், நகம் மாட்டியது. ஒரு முள்ளில் வெள்ளைப் பருத்தி நூல் இரண்டு இழை இன்னும் இருந்தது.

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் ராட், கிரீஸ் மூடிய ராட், சுற்றும்போது பளபளவென்று அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் ராட். அந்தப் பையன் அதைத்தான் பார்த்தான். சுற்றும்போது முள் தெரியாது.

காந்தம் எப்படி வந்தது

கம்பெனியின் முதல் அறிக்கை இரண்டு பக்கம். காரணம் என்ற கட்டத்தில், "தொழிலாளியின் கவனக்குறைவு, பாதுகாப்புக் கதவைத் திறந்து கையை நுழைத்தார்" என்றிருந்தது. பரிந்துரை என்ற கட்டத்தில், "தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி." நான் அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஷிப்ட் புத்தகத்தைக் கேட்டேன்.

புத்தகத்தில்தான் கதை இருந்தது. ரிக்கை முந்தைய துளையிலிருந்து இழுத்து வந்த வாரம், டிராக்டர் பாதையில் ஒரு பள்ளத்தில் இறங்கியதில் கூண்டின் கீல் தாழ்ந்துவிட்டது. கேட் மூடினாலும் சென்சாருக்கும் கேட்டில் உள்ள காந்தத்துக்கும் இடைவெளி விழுந்தது. ராட் கொஞ்சம் நடுங்கினால் போதும், சிக்னல் அறுந்து சுழற்சி நின்றுவிடும். துளைத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்றால் கோர் உள்ளே மாட்டும், முனை சிக்கும், சில சமயம் ஒரு ஓட்டமே, அதாவது ஒரு தடவை கோர் அறுத்து எடுக்கும் வேலையே, வீணாகும். டிரில்லர் எழுதியிருந்தார்: "கேட் சென்சார் கட் ஆகுது, பார்க்கவும்." நான்கு நாள் கழித்து மறுபடி. அடுத்த வாரம் மூன்றாவது முறை, இந்தத் தடவை சிவப்பு மையில். எதிரே ஒரே ஒரு பதில்: "பார்ட் ஆர்டர் பண்ணியாச்சு."

நான்காவது முறை எழுதவில்லை. அந்த வாரம்தான் காந்தம் வந்தது.

யார் கட்டினார்கள் என்பதை நாங்கள் கண்டுபிடித்தோம். அதை இங்கே எழுதமாட்டேன், அது முக்கியமும் இல்லை. கட்டியது முதல் விபத்து வரை ஒன்பது வாரம். அந்த ஒன்பது வாரத்தில் அந்த ரிக்கைப் பார்க்க மெக்கானிக் வந்தார், மேஸ்திரி தினமும் வந்தார், தலைமையகத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்தது, புவியியலாளர் கோர் பார்க்க வந்தார். எல்லோருக்கும் தெரிந்த பொருள்தான். தொழிலாளி மூன்று தடவை எழுத்தில் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான்காவது தடவை அவர்கள் காந்தத்தால் சொன்னார்கள், அதையும் யாரும் படிக்கவில்லை.

ஒன்பது வாரத்தின் தினசரிச் சோதனைத் தாள்களையும் வரிசையாக மேஜையில் பரப்பினோம். ஏழாவது வரி: "கூண்டு இருக்கிறதா?" எல்லாத் தாளிலும் சரி என்று டிக். விபத்து நடந்த காலையிலும் டிக், அதுவும் அழகான டிக். யாரும் பொய் எழுதவில்லை. கூண்டு இருந்தது. "கேட்டைத் திறந்தால் ராட் நிற்கிறதா?" என்று தாள் கேட்கவே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள அரை நிமிடம் ஆகும். காலையில் ராடை மெதுவாகச் சுற்றவிட்டு, எல்லோரும் எட்டி நின்றுகொண்டு, கேட்டை ஒரு கம்பால் தள்ளித் திறந்து பார்த்தால் போதும். ஒன்பது வாரத்தில் ஒரே ஒரு நாள் அப்படிச் செய்திருந்தால் போதும்.

அந்தச் சென்சாரையும் சொல்ல வேண்டும். எந்தக் காந்தம் கிட்டே வந்தாலும் மூடியது என்று காட்டுகிற சாதாரண ரீட் சுவிட்ச் அது. கேட் திறந்தால் மெஷினை நிறுத்தும் இன்டர்லாக் அமைப்புகள் பற்றிய ஐஎஸ்ஓ 14119 என்ற தரநிலை, ஆள் ஏமாற்ற எளிதாக இருக்கக்கூடாது என்பதையே வடிவமைப்பு விதியாக வைக்கிறது. தன் ஜோடியை மட்டும் அடையாளம் காணும் குறியீட்டுச் சுவிட்சுகள் கடையில் கிடைக்கின்றன. ஸ்பீக்கர் காந்தத்துக்கு அவை மசியாது.

கவனக்குறைவு என்ற சொல்

என் தாத்தாவுக்கு வலது கையில் மூன்று விரல்தான். தோட்டத்து ஷீட் கொட்டகையில், உறைந்த ரப்பர் பாலை ரோலரில் கொடுத்து அழுத்தும்போது போனது. நான் சின்னப் பையனாக இருந்தபோது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அப்படி நாலைந்து பேர் இருந்தார்கள். யாரைக் கேட்டாலும், "என் கவனக்குறைவுப்பா" என்பார்கள். தாத்தாவும் அப்படியேதான் சொல்வார். ரோலருக்கு முன்னால் ஒரு தகடு கூட இருந்ததில்லை என்பதை அவர் சொன்னதில்லை. ஈரமான, வழுக்குகிற ஷீட்டை வெறும் கையால் ரோலர் வாய்க்குள் தள்ளவேண்டியிருந்தது என்பதையும் சொன்னதில்லை. நாலு பேருக்கும் ஒரே மாதிரி கவனம் குறைந்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இந்தப் பையனைப் பார்க்கப் போனபோது, அவனும் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "என் தப்புதான் அண்ணே, கவனிக்கல" என்றான். அவன் அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பேச வரவில்லை. அப்புறம் அவனுக்கு அந்த நூல் இழை இரண்டையும், ஷிப்ட் புத்தகத்தின் படங்களையும் போனில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். "சிவப்பு மையில எழுதினது அண்ணன்தான்" என்று டிரில்லரைச் சொன்னான்.

கையை எடுத்த விதம்

இந்தப் பகுதி ரிக் வேலை செய்யும் எல்லோரும் படிக்க வேண்டியது, அதனால் விரிவாக.

சிக்கியவனை விடுவிக்க ராடை எதிர்த்திசையில் சுற்றிவிடக்கூடாது. அன்று டிரில்லர் அதைச் செய்யவில்லை, அது பெரிய விஷயம். எஞ்சினை அணைத்தார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், பிறகுதான் கிட்டே போனார். இன்னொரு ஹெல்பர் கோர் பெட்டி நாடா வெட்டும் கத்தியால் கையுறையைக் கீறி எடுத்தான். இரத்தம் ஓடிய இடத்தில் சட்டையை மடித்து அழுத்திப் பிடித்தான். இந்த இரண்டு பேரும் அன்று நன்றாகச் செயல்பட்டார்கள்.

ஒரு விரல் கையுறைக்குள்ளேயே இருந்தது. அதை எடுத்துக் குளிர்பானப் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் நேராகப் போட்டார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு கெட்டுவிடும். துண்டான பாகத்தைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். இந்த விரல் நசுங்கிப்போயிருந்ததால் எப்படியும் ஒட்டியிருக்காது என்றார் டாக்டர். அடுத்த முறை அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

தளத்திலிருந்து தார் ரோட்டுக்குத் தோட்டப் பாதையில் நாற்பது நிமிடம். மழையில் பாதை சேறு. 999க்கு அழைத்தபோது எந்தத் தோட்டம், எந்த பிளாக் என்று சொல்லத் தெரியாமல் ஐந்து நிமிடம் போனது. கடைசியில், "மாரியம்மன் கோயில் சந்திப்புல நில்லுங்க, நாங்க கொண்டு வர்றோம்" என்று சொல்லி முடித்தான் அந்த ஹெல்பர். ஊர்க்காரன் என்பதால் அவனுக்கு அது தோன்றியது. பக்கத்து ஷிப்டில் இருந்த மூன்று பேரும் இந்தோனேசியர்கள். அவர்களாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

சட்டம்

மலேசியாவில் மெஷின் பாதுகாப்பு நெடுங்காலம் 1967ஆம் ஆண்டு தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின் கீழ் இருந்தது. இயந்திரங்களுக்கு வேலி அடைப்பதற்கென்றே 1970இல் விதிமுறைகள் வந்தன. 1 ஜூன் 2024 முதல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 1994ஆம் ஆண்டு தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், திருத்தங்களோடு ஏறத்தாழ எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது. முதலாளி தன் பொதுக் கடமையில் தவறினால் அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட் வரை ஏறியிருக்கிறது. ஐந்து பேரையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் இடத்தில், பாதுகாப்பு அதிகாரி இருக்கவேண்டிய கட்டாயம் இல்லையென்றால், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக ஒரு தொழிலாளியையாவது நியமிக்க வேண்டும்.

தம்பிகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது 26ஏ பிரிவு. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால், முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவனைத் தண்டிக்க முடியாது. தமிழில் இதை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். தளத்தில் அதுவரை இருந்த எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் ஆங்கிலத்திலும் சீனத்திலும் மட்டும்தான்.

விபத்தை, தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷ் அலுவலகத்துக்கு உடனே தெரிவித்து, ஏழு நாளுக்குள் படிவம் அனுப்ப வேண்டும். அது சரியாக நடந்தது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கும் தாமதமின்றிப் போனது. வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு வரும், பிறகு நிரந்தர ஊனத்துக்கான மதிப்பீடு. ஆனால் அவன் வருமானத்தில் பெரிய பங்கு மீட்டர் போனஸ். சம்பளச் சீட்டில் அதை எப்படிக் காட்டியிருந்தார்கள் என்பதைச் சரிபார்க்க அவன் அக்காள் மூன்று தடவை அலைய வேண்டியிருந்தது. ரிக்கில் இருக்கிறவர்கள் இன்றே தங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

என்ன மாற்றினோம்

கிரீஸிலிருந்து தொடங்கினோம். கூண்டைச் சரிசெய்வது இரண்டாவது. கைக்கு அங்கே வேலையே இல்லை என்று ஆக்குவது முதலாவது. தண்ணீர் திரும்பாதபோது நின்று, துளைக்குள் பாலிமர் கலவையும் அடைப்புப் பொருளும் விட்டுத் தண்ணீரைத் திரும்ப வரவைக்க வேண்டும். தேவையானால் சிமெண்ட் போட்டு மீண்டும் துளைக்க வேண்டும். அதற்கு அரை நாள் ஆகலாம். அந்த அரை நாளுக்கு மீட்டர் கிடையாது, எனவே போனஸும் கிடையாது. அதனால்தான் கை உள்ளே போனது. இப்போது அந்த நேரத்துக்குத் தனி மணிக் கூலி. இதை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் எங்களுக்கு அதிக நாள் பிடித்தது. மூன்று கூட்டம். கிரீஸ் பூசியே ஆகவேண்டும் என்றால் புது ராட் சேர்க்கும்போது, ராட் நின்றிருக்கும்போது, தூரிகையால்.

பிறகு ராடுகள். தளத்தில் இருந்த ஒவ்வொன்றையும் பழைய பருத்தித் துணியால் தடவினோம். துணி மாட்டிய ராடெல்லாம் ஒதுங்கியது. அரத்தால் தேய்த்துச் சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்தோம், மற்றவை குப்பைக்கு. ராட் உடம்பில் பைப் ரெஞ்ச் போடக்கூடாது, கிளாம்ப் பிடிக்கவில்லை என்றால் கிளாம்பின் பிடிப்பல்லை மாற்ற வேண்டும்.

கூண்டுக்கு வருவோம். இங்கே நாங்களே ஒன்றைத் தெரிந்துகொண்டோம். புதுக் குறியீட்டுச் சுவிட்சை மாட்டி, 600 சுற்றில் ஓடவிட்டு, கேட்டைத் திறந்து, போனில் மெதுவோட்டப் படம் எடுத்தோம். ராட் முழுதாக நிற்க ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேல். இப்படிப்பட்ட கேட்டுக்கு, கை நீளும் வேகத்தை விநாடிக்கு 1.6 மீட்டராக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது ஐஎஸ்ஓ 13855 என்ற தரநிலை. அப்படியென்றால் கேட் ராடிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும். நம் கேட் அரை மீட்டரில் இருந்தது. சென்சார் சரியாக இருந்திருந்தாலும், ஓடும்போது படாரென்று திறந்து கை விடுகிறவனை அது காப்பாற்றியிருக்காது. அதனால் சுழற்சி நின்ற பிறகு மட்டும் கழலும் பூட்டு வைத்தோம். கேட் திறந்திருக்கும்போது ராடைத் திருப்பவேண்டிய வேலைகளுக்கு, பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் மிக மெதுவாக நகரும் அமைப்பு. பொத்தான் இருக்கும் இடத்திலிருந்து ராடுக்குக் கை எட்டாது. ஹெல்பர் நிற்கும் பக்கத்திலும் ஓர் அவசரப் பொத்தான் வந்தது. அவசரப் பொத்தான் கூண்டுக்குப் பதில் ஆகாது. அது நடந்த பிறகு அடிக்கிற பொத்தான்.

இதெல்லாம் வேலையைத் தாமதமாக்கும் என்றார்கள். கடிகாரம் வைத்து அளந்தேன். ஒரு ஓட்டத்துக்குப் பூட்டு கழன்று, திறந்து, மூடி, மறுபடி சுற்றத் தொடங்க ஐம்பது விநாடி. ஷிப்டுக்கு எட்டு ஓட்டம் என்றால் ஏழு நிமிடத்துக்கும் குறைவு. பன்னிரண்டு மணி நேரத்தில் ஏழு நிமிடம்.

சோதனைத் தாளின் ஏழாவது வரி இப்போது இப்படி: "கேட்டைத் திறந்தபோது ராட் எத்தனை விநாடியில் நின்றது?" டிக் போட இடம் இல்லை, எண் எழுத வேண்டும். கோளாறு எழுதினால் மறு ஷிப்டுக்குள் யார் பார்ப்பது என்று பக்கத்திலேயே பெயர். பார்க்காவிட்டால் ரிக் ஓடக்கூடாது, அதை நிறுத்தும் அதிகாரம் டிரில்லருக்கே. தாள் மலாய், தமிழ், இந்தோனேசிய மொழியில் இருக்கிறது.

டிரில்லரை வேலையை விட்டு அனுப்ப நினைத்தார்கள். நாங்கள் எதிர்த்தோம். மூன்று தடவை எழுதியவர் அவர். கிரீஸ் பூசச் சொன்னவரும் அவர்தான், அதை அவரே மறைக்காமல் சொன்னார். இப்போது புது ஹெல்பர்களுக்கு அந்த முள் விழுந்த ராடின் ஒரு முழத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு காட்டுகிறார். தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்.

பையன் கோர் கொட்டகையில் இருக்கிறான். இடது கையால் எழுதப் பழகிவிட்டான், கோர் பெட்டியில் மீட்டர் கட்டைகளை அவன்தான் எழுதுகிறான். வலது கையில் பிடி முழுதாக வரவில்லை, சொக்சோவின் மீள்வேலைத் திட்டத்தில் சிகிச்சை தொடர்கிறது. ரிக்குக்குத் திரும்ப விருப்பமா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கம்பெனியிடம் அதே மாதிரிக் கூண்டுள்ள ரிக்குகள் இன்னும் மூன்று இருந்தன. இரண்டில் மாற்றியாகிவிட்டது. மூன்றாவதற்கான பூட்டு இன்னும் வந்து சேரவில்லை. அந்த ரிக் செம்பனைக்கு அடியில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. சாவி மேஸ்திரியிடம் இல்லை, டிரில்லர் பையில் இருக்கிறது.